வெளிச் சுண்டெலியை வளர்ப்புச் சுண்டெலியோடு விடலாமா? முழுமையான வழிகாட்டி

மசால்வடைக்கு ஆசைப்பட்டு ஒரு சுண்டெலி பொறியில் மாட்டிக்கொள்கிறது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு மீசையை ஆட்டுகிறது. வீட்டில் ஏற்கெனவே ஒரு கூண்டில் இரண்டு வெள்ளைச் சுண்டெலிகள் இருக்கின்றன. பிள்ளை கேட்கிறது: "அப்பா, இதையும் அதுங்களோட விட்டுரலாமா? பாவம்ப்பா."

எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு நான் யோசித்துப் பதில் சொல்வதற்கு முன்பே ஒரு சுண்டெலி தானாகக் கூண்டுக்குள் நுழைந்து பதிலைச் சொல்லிவிட்டது. அந்தக் கதை கீழே வருகிறது. முதலில் சுருக்கமாக: சேர்க்காதீர்கள். ஆனால் "சேர்க்காதே" என்பதோடு விஷயம் முடிவதில்லை. பிடிபட்டதை என்ன செய்வது, தனியாக வைப்பதென்றால் எப்படி, ஏற்கெனவே கலந்துவிட்டால் என்ன, கண் திறக்காத குட்டிகள் கிடைத்தால் என்ன என்று வரிசையாகக் கேள்விகள் வரும். அவற்றுக்காகத்தான் இது.

இன்னொன்று. "காட்டுச் சுண்டெலி" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அது காட்டில் இல்லை, நம் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் இருக்கிறது. அதனால் இங்கே அதை வெளிச் சுண்டெலி என்றும், கடையில் வாங்கி வளர்ப்பதை வளர்ப்புச் சுண்டெலி என்றும் சொல்கிறேன்.

இரண்டும் சொந்தக்காரர்கள்தான்

இரண்டும் ஒரே இனம், மஸ் மஸ்குலஸ். நம் ஊர் வீடுகளில் ஓடுவது அதன் காஸ்டேனியஸ் என்ற துணை இனம். கடையில் விற்கும் வெள்ளை, கறுப்பு, புள்ளி போட்ட சுண்டெலிகள் பெரும்பாலும் மேற்கு ஐரோப்பாவின் டொமஸ்டிகஸ் துணை இனத்தின் வழியில் வந்தவை, கொஞ்சம் ஜப்பானியக் கலப்பும் உண்டு. ஜப்பானில் நிறம் பார்த்துச் சுண்டெலி வளர்ப்பதற்கு 1787இலேயே கையேடு அச்சாகியிருக்கிறது. இங்கிலாந்தில் 1895இல் சுண்டெலி வளர்ப்பவர்கள் தேசிய அளவில் சங்கமே வைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரான்பி என்ற ஊரில் ஆபி லாத்ரோப் என்ற பெண்மணி 1900களின் தொடக்கத்தில் விற்பனைக்காக வளர்த்த சுண்டெலிகள்தான் இன்றைய பல ஆய்வகச் சுண்டெலிகளுக்குப் பாட்டி.

ஆக, ஒன்றோடொன்று இணை சேரும், குட்டியும் போடும். ஆனால் குணம் வேறு. நூற்றுக்கணக்கான தலைமுறையாக, கையில் எடுத்தால் சும்மா இருப்பதைத்தான் மனிதன் அடுத்த ஈட்டுக்கு வைத்துக்கொண்டான். கடித்தது, குதித்தது எல்லாம் கழிந்துபோனது. அந்தச் சாது குணம் ரத்தத்தில் வந்தது. பொறியில் பிடித்த சுண்டெலிக்கு நீங்கள் ஆறு மாதம் கையால் கடலை ஊட்டினாலும் அது வராது. பயம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

படி 1: பிடிபட்டது சுண்டெலிதானா?

இதில் தவறினால் மற்ற எல்லாம் வீண். மூன்று விதமாக ஏமாறலாம்.

முதலாவது மூஞ்சூறு. மூக்கு நீண்டு கூர்மையாக இருக்கும், கண் கடுகு அளவு, காது ரோமத்தில் பாதி மறைந்திருக்கும், கிட்டே போனால் கஸ்தூரி மாதிரி ஒரு நெடி அடிக்கும். பிள்ளையாருக்கு வாகனமாக இருந்தாலும் இது எலிக் கூட்டத்தைச் சேர்ந்ததே இல்லை, பூச்சி தின்னும் வகை. பூச்சி மட்டுமில்லை, கிடைத்தால் சுண்டெலிக் குட்டியையும் தின்னும். இதை வளர்ப்புச் சுண்டெலிக் கூண்டில் விட்டால் விடிவதற்குள் ரத்தக்களரி.

இரண்டாவது பெரிய எலியின் குட்டி. வீட்டு எலி, பெருச்சாளி இரண்டும் சின்ன வயதில் சுண்டெலி அளவில் இருக்கும். பின்னங்காலைப் பாருங்கள். உடம்புக்குப் பொருந்தாமல் பாதம் பெரிதாக, தலை மொத்தையாக இருந்தால் அது வளரப்போகிற எலி. சுண்டெலிக்குப் பாதம் மெலிசு, தலை சிறிசு, காது மட்டும் பெரிசு, வால் உடம்பளவு அல்லது அதைவிட நீளம். வளர்ந்த எலி சுண்டெலியைக் கொன்று தின்னும். இந்த இரண்டையும் ஒரே அறையில் வைத்தால்கூட அந்த வாசனையிலேயே சுண்டெலி மிரண்டு கிடக்கும்.

மூன்றாவது வயல் சுண்டெலி. நெல் வரப்பில் சின்ன வளை தோண்டி வாழும் மஸ் பூடுகா வீட்டுச் சுண்டெலியைவிடப் பொடிசு, வயிறு வெள்ளை. அது வேறு இனம், வீட்டுக்குள் வைக்கும் பிராணி இல்லை. கிடைத்த வரப்பிலேயே விட்டுவிடுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே வீட்டுக்குள் வருவது மேலே பழுப்பும் கீழே பளிச்சென்ற வெள்ளையும், வாலும் அதேபோல இரண்டு நிறமுமாக இருந்தால் அது மான் சுண்டெலியாக இருக்கலாம். 1993இல் நியூ மெக்சிகோ, அரிசோனா பக்கம் பல உயிர்களைக் கொண்டுபோன ஹாண்டா வைரஸைச் சுமப்பது அதுதான். அதைத் தனியாகக்கூட வளர்க்க நினைக்காதீர்கள்.

இன்னொரு அடையாளமும் முக்கியம். பட்டப்பகலில் நடு ஹாலில் உட்கார்ந்துகொண்டு, கையால் எடுத்தால் எடுக்க விடுகிற சுண்டெலி சாது இல்லை. நோயாளி, இல்லையென்றால் எலி கேக் தின்றது. ரத்தம் உறையாமல் செய்யும் அந்த விஷம் வேலை செய்ய நான்கைந்து நாள் ஆகும், அதுவரை மந்தமாகத் திரியும். "எவ்வளவு சமத்தா கையில உக்காந்துச்சு" என்று பலர் சொல்வது இப்படிப்பட்ட சுண்டெலியைத்தான்.

படி 2: சேர்ப்பதால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நோயிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் இதைத்தான் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள்.

2016இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். சுத்தமான சூழலில் பிறந்து வளர்ந்த ஆய்வகச் சுண்டெலிகளின் கூண்டில், செல்லப்பிராணிக் கடையில் வாங்கிய சுண்டெலியை விட்டார்கள். கவனியுங்கள், வெளிச் சுண்டெலிகூட இல்லை, கடைச் சுண்டெலி. ஏறக்குறைய ஐந்தில் ஒரு ஆய்வகச் சுண்டெலி தொற்று வந்து செத்துப்போனது. பிழைத்தவற்றின் நோயெதிர்ப்பு சக்தி முன்பைவிடத் தேறி, வளர்ந்த மனிதர்களுடையது போல ஆனது என்பதுதான் ஆய்வாளர்களுக்குச் செய்தி. வளர்க்கிற நமக்கு அந்த ஐந்தில் ஒன்றுதான் செய்தி.

நேர்மாறான ஒரு கதையும் உண்டு. 2017இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தினர் வெளிச் சுண்டெலிகளின் குடல் நுண்ணுயிரிகளை ஆய்வகச் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு ஃப்ளூ வைரஸைச் செலுத்தியபோது அவற்றில் 92 சதவீதம் பிழைத்தன. கொடுக்காதவற்றில் பிழைத்தது 17 சதவீதம். இதைக் காட்டி "பார்த்தீர்களா, வெளிச் சுண்டெலியோடு பழகினால் நல்லதுதானே" என்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே செலுத்தியது குடல் நுண்ணுயிரிகளை மட்டும், அதுவும் நோய்க்கிருமி இருக்கிறதா என்று சலித்துப் பார்த்த பிறகு. நம் வீட்டில் அந்தச் சல்லடை இல்லை.

அடுத்து, எல்.சி.எம். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மூளையுறை வைரஸ். இதற்கு இயற்கையில் வீடே வீட்டுச் சுண்டெலிதான். தாய் வயிற்றிலேயே தொற்றிய குட்டி சாகும்வரை அதைச் சுமக்கும். சிறுநீர், எச்சில், புழுக்கை எல்லாவற்றிலும் வெளியேற்றும். பார்க்க நன்றாக இருக்கும், துள்ளும், தின்னும். மனிதனுக்கு வந்தால் பலருக்குச் சாதாரணக் காய்ச்சலாகப் போய்விடும், சிலருக்கு மூளைக்காய்ச்சல் ஆகும். கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளையும் கண்ணும் பாதிக்கப்படலாம். 2005இல் அமெரிக்காவில் ஒரே கொடையாளரின் உறுப்புகளைப் பெற்ற 4 பேருக்கு இந்த வைரஸ் தொற்றி, 3 பேர் இறந்தார்கள். தேடிப் பார்த்தபோது கொடையாளரின் வீட்டில் அண்மையில் கடையில் வாங்கிய ஒரு ஹாம்ஸ்டர் இருந்தது. அதன் உடம்பிலும் அதே வைரஸ். ஹாம்ஸ்டருக்கு இது பொதுவாக வருவது சுண்டெலியிடமிருந்து.

இங்கேதான் "ஒரு மாதம் தனியா வெச்சுட்டு அப்புறம் சேர்க்கலாமே" என்ற யோசனை உடைகிறது. ஒரு மாதத்தில் உண்ணி தெரியும், வயிற்றுப்போக்கு தெரியும், சினையாக இருந்தால் தெரியும். வாழ்நாள் முழுக்கச் சத்தமில்லாமல் சுமக்கிற வைரஸ் ஒரு மாதத்தில் தெரியாது, ஒரு வருடத்தில்கூடத் தெரியாது. இதனால்தான் ஆய்வகங்களில் வெளியிலிருந்து ஒரு புது வம்சம் தேவைப்பட்டால் சுண்டெலியை அப்படியே உள்ளே கொண்டுபோவதில்லை. அதன் கருவை எடுத்துக் கழுவி, சுத்தமான தாயின் கருப்பையில் வைத்துப் பிறக்கவைக்கிறார்கள்.

மிச்சமெல்லாம் நாம் கேள்விப்பட்டவைதான்: எலிக்காய்ச்சல் (இது பெரிய எலியால் அதிகம் பரவினாலும் சுண்டெலியும் சுமக்கும்), சால்மோனெல்லா, படர்தாமரை, கீரிப்புழு, குட்டை நாடாப்புழு, ரோம உண்ணி.

இனி சண்டை. வயது வந்த இரண்டு ஆண் சுண்டெலிகள், அண்ணன் தம்பியாகவே இருந்தாலும், ஒரே கூண்டில் கடித்துக்கொள்ளும். புதிதாக வந்த ஆண் என்றால் கேட்கவே வேண்டாம். வெளியில் தோற்றவன் ஓடிப்போவான். கூண்டில் ஓட இடமில்லை. வால் நுனியிலும் பின்பக்கத்திலும் கடிகாயம் பார்த்தால் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெளிச் சுண்டெலி 12லிருந்து 20 கிராம், கடையில் வாங்கியது 30, 40 கிராம்கூட வரும். பெரியதுதான் ஜெயிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். வேகமும் கோபமும் வெளிச் சுண்டெலிக்குத்தான் அதிகம்.

பெண்களுக்குள் சண்டை குறைவு. ஆனால் புது ஆண் உள்ளே வந்தால், ஏற்கெனவே சினையாக இருக்கும் பெண்ணுக்கு அவன் வாசனையாலேயே கரு கலைந்துபோகலாம். 1959இல் ஹில்டா புரூஸ் கண்டுபிடித்ததால் இதற்கு புரூஸ் விளைவு என்றே பெயர். பிறந்த குட்டிகள் இருந்தால் புது ஆண் அவற்றைக் கொல்வதும் சாதாரணம்.

படி 3: பிடிபட்ட சுண்டெலியை என்ன செய்வது?

வளர்ந்த, திடமான சுண்டெலியா? அன்று சாயங்காலமே, பிடித்த இடத்துக்கு அருகே புதரோ வைக்கோல் போரோ இருக்கும் இடமாகப் பார்த்து விட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுக் கொல்லையில் விடுவது கருணை ஆகாது, வேலையை அவர்கள் தலையில் கட்டுவது. சட்டம் பற்றிக் கேட்பவர்களுக்கு: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் எலி, சுண்டெலி, காகம், பழந்தின்னி வௌவால் ஆகியவை ஐந்தாம் அட்டவணையில் தொல்லைப் பிராணிகளாக இருந்தன. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள்.

கால் உடைந்தது, மிகச் சின்னது, விட்டால் பிழைக்காது என்று தோன்றினால் தனித்தொட்டியில் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் கர்ப்பிணியோ, ஐந்து வயதுக்குள் குழந்தையோ, புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவரோ இருந்தால் அதுவும் வேண்டாம். அங்கே நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

படி 4: தனித்தொட்டி

லவ் பேர்ட்ஸ் கூண்டு உதவாது. அதன் கம்பிக்கு இடையில் அரை அங்குலம் இருக்கும், சுண்டெலிக்கு அது திறந்த வாசல். மண்டை ஓடு நுழைகிற இடத்தில் முழு உடம்பும் நுழைந்துவிடும், அதற்கு ஒரு பென்சில் கனம், அதாவது 6 மில்லிமீட்டர் போதும். இரண்டடி நீளம், ஓரடி அகலத்தில் பழைய மீன் தொட்டி ஒன்று எடுங்கள். ஓட்டை இருந்து தண்ணீர் நிற்காத தொட்டி என்றால் மீன் கடையில் மலிவாகவே தருவார்கள். மேலே கால் அங்குலத்துக்கும் சின்னக் கண் உள்ள வெல்டு மெஷ்ஷை மரச்சட்டத்தில் அடித்து மூடி செய்து, அதன் மேல் கனமாக ஏதாவது வையுங்கள். வெளிச் சுண்டெலி நின்ற இடத்திலிருந்து ஓரடி எகிறும். மூடியைத் திறந்து "எங்கே இருக்கு" என்று எட்டிப் பார்க்கும்போது அது உங்கள் தோளைத் தாண்டிப் போயிருக்கும்.

அடியில் நாலு அங்குலம் கனத்துக்குப் படுக்கை. ஆசாரியிடம் இழைப்புளியில் சீவிய சுருள் வாங்கலாம். அறுவை மில்லின் மாவுத்தூள் வேண்டாம், நுரையீரலில் போய் உட்காரும். கூடு கட்ட வாசனை இல்லாத டிஷ்யூ பேப்பரைக் கிழித்துப் போடுங்கள். பஞ்சு போட்டால் இழை காலில் சுற்றிக்கொண்டு கால் அழுகிப்போகும். ஒளிய ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வாசல் வெட்டி வையுங்கள். கம்பு, தினை, கோதுமை, கொஞ்சம் ஓட்ஸ், வாரம் இரண்டு முறை பட்டாணி அளவு அவித்த முட்டை. ஒரு நாளைக்கு மூன்றிலிருந்து ஐந்து கிராம் தின்னும், ஒரு டீஸ்பூன்தான். கத்திரி வெயில் நாட்களில் ஈர மண்சட்டி ஒன்றைத் தொட்டிக்குள் கவிழ்த்து வைத்தால் அதன்மேல் ஒட்டிக்கொண்டு படுத்திருக்கும். 32 டிகிரிக்கு மேல் போனால் சுண்டெலி திணறும்.

இப்போது முக்கியமானது, இரண்டு தொட்டிக்கும் நடுவில் இருக்க வேண்டிய தூரம். ஒரே அறையில் வைக்காதீர்கள். தினமும் வளர்ப்புச் சுண்டெலியை முதலில் கவனியுங்கள், வெளிச் சுண்டெலியை அப்புறம். ஒருபோதும் இந்த வரிசையை மாற்ற வேண்டாம். தண்ணீர்ப் புட்டி, தட்டு, கரண்டி எல்லாம் தனித்தனி. தீவனத்தையும் படுக்கைச் சுருளையும் எவர்சில்வர் டிரம்மில் போட்டு மூடுங்கள். ஏனென்றால் வெளிச் சுண்டெலிகள் கூண்டுக்குள் வராமலேயே திறந்த கம்பு மூட்டையில் சிறுநீர் விட்டுவிட்டுப் போய்விடும், நோய் அந்த வழியாகவும் வரும். சுருளை ஃப்ரீஸரில் இரண்டு நாள் வைத்து எடுத்தால் உண்ணி சாகும், வைரஸ் சாகாது.

தொட்டியைக் கழுவும்போது காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், தூசி மூக்கில் ஏறும். ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு துணியால் வழித்து எடுங்கள். சுண்டெலியை வேறு டப்பாவுக்கு மாற்றிவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இந்த வேலை.

தூக்க வேண்டுமென்றால் வாலைப் பிடிக்க வேண்டாம். லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஜேன் ஹர்ஸ்ட் 2010இல் காட்டியது இது: வாலைப் பிடித்துத் தூக்கிய சுண்டெலி மனிதக் கையைக் கண்டாலே பதுங்கியது, குழாய்க்குள் ஏற்றித் தூக்கியது பதற்றமில்லாமல் இருந்தது. ஒரு ஜாண் பி.வி.சி. குழாய் போதும். தொட்டி மூலையில் போட்டு வைத்தால் தானே உள்ளே ஓடும், இரண்டு பக்கமும் கையால் மூடித் தூக்கிவிடலாம்.

படி 5: ஏற்கெனவே கலந்துவிட்டதா?

எங்கள் கதை இதுதான். முதலில் நானும் லவ் பேர்ட்ஸ் கூண்டுதான் வைத்திருந்தேன். இரண்டு பெண் வெள்ளைச் சுண்டெலிகள். ஒரு நாள் காலையில் கொட்டாங்குச்சியைத் தூக்கினால் மூன்று. நடுவில் பழுப்பாக ஒன்று, இரண்டு வெள்ளைக்கும் இடையில் சுருண்டு தூங்குகிறது. என்னைப் பார்த்ததும் கம்பி வழியாகப் பாய்ந்து ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய்விட்டது. எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. "பாரு, ஃப்ரெண்ட்ஸ் புடிச்சிருக்கு" என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மடத்தனம். அது தினமும் ராத்திரி வந்துபோயிற்று.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளை சொறிய ஆரம்பித்தது. காதுக்குப் பின்னால் ரோமம் கொட்டி, தோல் சிவந்து புண்ணாகிவிட்டது. கால்நடை மருத்துவர் பசை நாடாவில் ரோமத்தை ஒட்டி எடுத்து நுண்நோக்கியில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். உண்ணி காலை ஆட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு வெள்ளை பேரிக்காய் மாதிரி உருண்டிருந்தது. அதற்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஏழு குட்டிகள். பிறந்த அன்று சுண்டெலிக் குட்டி தோல் உரித்த வேர்க்கடலை போல இருக்கும். மூடிய இமையின் மெல்லிய தோலுக்கு அடியில் கண் தெரியும். வெள்ளைச் சுண்டெலியின் குட்டிக்கு அங்கே எதுவும் தெரியாது, ஏனென்றால் கண்ணில் நிறமி இல்லை. இந்த ஏழுக்கும் கடுகை ஒட்டியது போல இரண்டு கறுப்புப் புள்ளி. தகப்பன் யார் என்று கேட்க வேண்டியதே இல்லை. வெள்ளை நிறம் ஒடுங்கு பண்பு, பழுப்பு ஓங்கு பண்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

உங்கள் வீட்டில் இப்படி ஆனால் செய்ய வேண்டியவை. அன்றே கம்பிக் கூண்டை விட்டுத் தொட்டிக்கு மாற்றுங்கள். காத்திருக்காதீர்கள், ஏனென்றால் குட்டி போட்ட ஒரே நாளில் தாய் மறுபடி சினையாகிவிடும், ஆண் வந்துபோனால் அடுத்த மூன்று வாரத்தில் அடுத்த ஈடு. சினைக்காலம் 19லிருந்து 21 நாள். கடைசியாகக் கலந்த நாளிலிருந்து மூன்று வாரத்தைக் காலண்டரில் குறித்து வையுங்கள். உண்ணி மருந்தை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். முப்பது கிராம் உடம்புக்கு ஒரு சொட்டு கூடினாலே விஷம், மருத்துவர் அளந்து போடட்டும். வெளிச் சுண்டெலியோடு இருந்த வளர்ப்புச் சுண்டெலிகளை இனி வேறு எவரின் சுண்டெலியோடும் சேர்க்காதீர்கள், குட்டிகளைத் தெரிந்தவர்களுக்குத் தூக்கிக் கொடுக்கவும் வேண்டாம்.

குட்டிகளின் வயிற்றில் இடது பக்கம் வெள்ளையாகப் பால் தெரிந்தால் தாய் ஊட்டுகிறாள், நிம்மதி. ஒன்பது பத்து நாளில், ரோமம் அடர்வதற்கு முன், வயிற்றைப் பாருங்கள். காம்புப் புள்ளிகள் தெரிந்தால் பெண். அந்த இரண்டு மூன்று நாளைத் தவறவிட்டால் ஆண் பெண் பார்ப்பது கஷ்டம். 13, 14ஆம் நாள் கண் திறக்கும். அடுத்த வாரம் முழுக்க பொரி பொரிவது போலத் துள்ளும். எல்லாச் சுண்டெலிக் குட்டியும் துள்ளும், ஆனால் பாதி வெளி ரத்தம் ஓடுகிற குட்டிகள் துள்ளியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நாலு வாரத்தில் ஆண்களைப் பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தாயையும் தங்கையையும் சினையாக்கிவிடும். எங்கள் ஏழில் நான்கு ஆண், நான்குக்கும் நான்கு தொட்டி. மீன் கடைக்காரர், "என்ன சார், பெரிய அக்வேரியம் வைக்கிறீங்களா?" என்று கேட்டார்.

படி 6: கண் திறக்காத வெளிக் குட்டிகள் கிடைத்தால்

பழைய துணி மூட்டையைப் பிரிக்கும்போது கூடு கிடைக்கும். முதலில் கூட்டை அப்படியே வைத்துவிட்டு ஒரு ராத்திரி தள்ளி நில்லுங்கள், தாய் வாயில் கவ்விக்கொண்டு வேறிடம் போய்விடலாம்.

தாய் செத்தது உறுதி என்றால் கையால் வளர்க்கலாம், ஆனால் பிழைப்பது குறைவு என்று தெரிந்தே தொடங்குங்கள். பசும்பால் வேண்டாம், கழிச்சலில் போய்விடும். பூனைக்குட்டிக்கான பால் மாவை இளஞ்சூட்டில் கரைத்து, மெல்லிய ஓவியத் தூரிகை நுனியில் நனைத்து உதட்டில் தொட்டால் நக்கிக்கொள்ளும். ரோமம் வராத குட்டிக்கு இரண்டு மணிக்கு ஒருமுறை, ராத்திரியும் சேர்த்து. ஒவ்வொரு முறைக்குப் பிறகும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றைத் தடவினால்தான் சிறுநீர் போகும். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள்.

"நம்ம வெள்ளைச் சுண்டெலி இப்போ பால் கொடுக்குது, அதுகிட்ட விட்டா?" நிஜமாகவே ஏற்றுக்கொள்ளும். அதே வயதுக் குட்டிகளை அவள் படுக்கைச் சுருளில் புரட்டிவிட்டு வைத்தால் நக்கிச் சுத்தம் செய்து ஊட்டவும் செய்வாள். குட்டிகள் பிழைக்க நல்ல வழியும் அதுதான். ஆனால் எல்.சி.எம். வைரஸ் தாய் வயிற்றிலேயே தொற்றியிருக்கலாம் என்று மேலே சொன்னேனே, அப்படியானால் அது குட்டிகளோடு அந்தக் கூண்டுக்குள் போகும். ஒரு கூண்டை முழுதாகப் பணயம் வைக்கத் தயாரா என்பது உங்கள் முடிவு. நான் வைக்கவில்லை, தூரிகையால்தான் ஊட்டினேன். மூன்றில் ஒன்று பிழைத்தது.

படி 7: அப்படியும் சேர்த்தே ஆக வேண்டுமா?

இதைப் படித்த பிறகும் சிலர் சேர்ப்பார்கள், எனக்குத் தெரியும். கையால் வளர்த்த ஒற்றைக் குட்டி துணையில்லாமல் வாடுகிறது என்பதுதான் வழக்கமான காரணம், அது பொய்யும் இல்லை. அப்படியானால் பெண்ணைப் பெண்ணோடு மட்டும், அதுவும் இளம் வயதில். சேர்க்கப்போகிற வளர்ப்புச் சுண்டெலிக்கும் இனி வேறு கூட்டமே கிடையாது என்று ஏற்றுக்கொண்டு செய்யுங்கள். முதலில் 30 நாள் தனியே, இடையில் மருத்துவரிடம் புழுக்கைப் பரிசோதனையும் உண்ணிப் பரிசோதனையும். பிறகு இரண்டுக்கும் புதிதான, யார் வாசனையும் இல்லாத ஒரு தொட்டியில், ஒளிய ஒன்றுக்கு இரண்டு கொட்டாங்குச்சி வைத்து, பகலில் நீங்கள் பக்கத்திலேயே இருக்கும்போது விடுங்கள். துரத்தலும் சின்னக் கீச்சும் பரவாயில்லை. உருண்டு புரண்டு கடித்தால் குழாயால் பிரித்துவிட்டு, இன்னொரு முறை முயலாதீர்கள். ஆணாக இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம்.

படி 8: கடித்துவிட்டால், அப்புறம் ஓட்டையை அடைக்க

கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி தேவையா என்று அவர் பார்ப்பார். நாய்க்கடி நோய் சுண்டெலியிடமிருந்து மனிதனுக்கு வந்ததாகத் தெரியவில்லை, ஆனாலும் எந்தப் பிராணி, எப்படிக் கடித்தது என்று சொல்லி முடிவை அவரிடம் விடுங்கள். மூன்றிலிருந்து பத்து நாளைக்குள் காய்ச்சல், மூட்டுவலி, கை கால்களில் தடிப்பு வந்தால் மறுபடி போய், எலி கடித்ததை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

கடைசி வேலை, வருகிற வழியை அடைப்பது. ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றுங்கள். கழுநீர்க் குழாய் சுவருக்குள் போகும் இடம், கேஸ் குழாய்த் துளை, ஏசி குழாய்த் துளை, கதவின் அடி. பென்சில் போகிற எந்தச் சந்திலும் சுண்டெலி போகும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் துளையில் இறுக்கித் திணித்து அதன்மேல் சிமெண்ட் பூசுங்கள். வெறும் சிமெண்டை ஈரம் காய்வதற்குள் கொறித்துவிடும். எங்கள் வீட்டில் வழி, சிங்க்கின் கீழே அழுக்குத்தண்ணீர்க் குழாயைச் சுற்றி இருந்தது. ஒரு பக்கம் முழுக்க எண்ணெய் தடவியது போல வழவழவென்று கறுத்திருந்தது, அத்தனை முறை உடம்பு உரசிப் போயிருக்கிறது.

அடைத்த பிறகு இரண்டு மூன்று நாள் ராத்திரியில் அதன் முன்னால் கோதுமை மாவைத் தூவி வையுங்கள். காலையில் மாவில் கால்தடம் இருந்தால் இன்னொரு துளை இருக்கிறது.